பயனடைந்தோர் எண்ணிக்கை

படிவத்தின் ஏழாம் கேள்வி:
நிகழ்ச்சியால் பயனடைந்தோர் எத்தனை பேர்?
எண்ணால் மட்டும் எழுதவும்.

எழுத வேண்டியவள் நான்.
சங்கத்தின் பொருளாளர் நான்தான்,
மார்லிஸின் முழங்கால் தேறும்வரை
செயலாளரும் நான்தான்.

நால்வர் வந்தார்கள் மில்வாக்கியிலிருந்து.
ஏழு மணி நேரப் பனிச்சாலை.
வேனில் நல்ல இருக்கை செல்லோவுக்கு,
பெல்ட்கூடப் போட்டிருந்தது.
காலையில் பள்ளிக்கூடத்தில் வாசித்தார்கள்.
இதுக்கு வலிக்காதா என்று
வில்லைக் காட்டிக் கேட்டான் ஒரு பையன்.
"மாணவர் ஆர்வத்துடன் வினவினர்"
என்று நிரப்பினேன் ஐந்தாம் கேள்விக்கு.

மாலைக்குத் தேவாலயம் பேசியிருந்தோம்.
மதியமே அங்கே கொதிகலன் உயிரை விட்டது.
ஊரில் அறுபது பேர் கொள்ளும் வெதுவெதுப்பான இடம்
இன்னொன்றுதான், தீயணைப்பு நிலையம்.
வண்டியை வெளியே நிறுத்த முடியாது,
தொட்டித் தண்ணீர் உறைந்துவிடும்.
எனவே பின்சுவரோரம் வண்டி,
அதன் முகத்துக்கு முன் என் வீட்டுக் கம்பளம்,
கம்பளத்தில் நால்வர்,
அவர்களுக்கும் பெரிய கதவுக்கும் நடுவே
ஊர்.

"மணி அடித்தால் என்ன செய்யணும், தெரியும்ல?"
என்றார் வெய்னோ லாம்பி, நிலையத் தலைவர்.
எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் பகுதி.
மற்ற மூவரும் வில்லை இறக்கிவிட
வியோலா மட்டும் தனியே,
இருட்டில் சுவரைத் தடவிப் போகிறவர்போல்,
மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.
ஒன்பது இடுப்புகளில் ஒரே நேரத்தில்
பேஜர் அலறியது.

மருந்துக்கடை டெல்மர் எழுந்தார்,
கணக்கு வாத்தியார் எழுந்தார்,
ரொட்டிக்கடை அண்ணன் தம்பி இருவரும் எழுந்தார்கள்.
நாங்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
சுவரோடு சுவராக ஒட்டினோம்.
செல்லோக்காரி தன் வாத்தியத்தை
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினாள்.
கம்பளத்தை யாரும் நினைக்கவில்லை,
அதன்மேல் ஏறிப் போனது வண்டி.
கதவு திறந்த வழியாக
பனி உள்ளே வந்து
நால்வரின் தாள்களில் உட்கார்ந்தது.

ஐம்பது நிமிடம்.
ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.
யாரோ காபி போட்டார்கள்.
யாரோ தன் கையுறையைக் கழற்றி
இரண்டாம் வயலினின் விரல்களுக்கு மாட்டிவிட்டார்கள்.
ஓர்லா நீமி வீட்டுப் புகைபோக்கி என்று சேதி வந்தது.
பிறகு பேச்சே இல்லை,
தொடங்குமுன் இருந்ததைவிட
நல்ல நிசப்தம்.

வண்டி பின்னோக்கி வந்தது, கூவிக்கொண்டு.
அந்தக் கூவலின் சுருதியைப் பிடித்து
செல்லோக்காரி கீழே ஒரு சுரம் சேர்த்தாள்.
சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது,
என்னுடையதைச் சொல்கிறேன்.

வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவள் ஓர்லா.
நன்கொடை கேட்டு நான் எழுதிய கடிதங்களை
"இனி அனுப்பாதே" என்று
ஆறு வருஷமாகத் திருப்பியவள்.
போர்வைக்குள் ஓர்லா, நெற்றியில் கரி,
நேரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"எங்கேயிருந்து எடுக்கலாம்?"
முதல் வயலின் தன் கூட்டாளிகளைத்தான் கேட்டார்.
ஈரப் பூட்ஸோடு நின்ற டெல்மர் சொன்னார்:
"வியோலா தனியாப் போய்க்கிட்டிருந்துச்சே,
அங்கேயிருந்து."

கூரைமேல் ஏறி நின்றபோதும்
அந்த இடத்தில் விரல் வைத்தபடியே
இருந்திருக்கிறார் மனுஷன்.

வியோலா தொடர்ந்தது.
புகை வாசம், காபி வாசம்,
கம்பளத்தில் டயர் தடம்.

ஏழாம் கேள்விக்கு வருகிறேன்.
வந்தவர் அறுபத்தொன்று.
நடுவில் போனவர் ஒன்பது,
திரும்பியவர் ஒன்பது.
சீட்டு வாங்காதவர் ஒருவர்.
ஆக, 62.
ஓர்லாவின் போர்வைக்குள்ளிருந்து
கடைசிப் பகுதி முழுவதையும்
கண் இமைக்காமல் பார்த்த பூனை நீங்கலாக.